முழுங்கு சிஸ்டரும் கண்டக்டர் சாமியும்

செவிலிமேட்டில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு, போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. முழுங்கு சிஸ்டருக்குப் பயப்படாதவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வீடு வீடாக வந்து சர்க்கரை பார்த்துவிட்டுப் போகும் அரசாங்க நர்ஸ் அவர். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. ரப்பர் செருப்பு போட்டிருப்பார், நடக்கிற சத்தமே கேட்காது. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைப் பார்ப்பார். பிறகு மெல்லிய குரலில், "எச்சில முழுங்குமா" என்பார்.

பின்னால் நின்று ஒருவர் நம் கழுத்தையே பார்த்துக்கொண்டு இப்படிச் சொன்னால், முழுங்குவதற்கு வாயில் எச்சில் எங்கே மிச்சமிருக்கும்?

என்னை அவர் பிடித்தது ரேஷன் கடை வரிசையில். அப்போது என் நிலைமையே சரியில்லை. கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் மட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. முடிச்சுப் போடும்போதே தூங்கிவிடுவேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் வேறு யாருடையதோ போலக் கரகரத்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிய என் மாமியார், என் இடுப்பில் ஒரு தாயத்தும் வாசலில் ஒரு பூசணிக்காயும் கட்டினார்.

"முழுங்கு."

முழுங்கினேன்.

"இன்னொரு தபா."

"எனக்கு செய்வினைங்க சிஸ்டர்," என்று உளறினேன்.

"செய்வினைக்கு கழுத்து வீங்காதும்மா. தைராய்டா இருக்கும். ரத்தம் குடுத்து பாத்துடு."

ஒரு மாதம் ஓடி ஒளிந்தேன். பூக்கடையில் நின்றால் பின்னால் அவர். பஸ் ஸ்டாப்பில் நின்றால் பின்னால் அவர். ஒன்றும் பேச மாட்டார், கழுத்தைப் பார்ப்பார், போய்விடுவார். அந்தப் பார்வை தாங்காமல்தான் ரத்தம் கொடுத்தேன். அவர் சொன்னதுதான். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் கம்பளி பரண் ஏறியது.

பிறகு ஒரு கல்யாணப் பந்தி. எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க, சிஸ்டர் மட்டும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பெரியவரின் காலைப் பிடித்துத் தூக்கினார். பாதத்தில் ஒரு ஆணி, தலை மட்டும் வெளியே தெரிய, இறங்கியிருந்தது. அவர் அதோடு இரண்டு நாளாக நடந்துகொண்டிருக்கிறார்.

"வலிக்கவே இல்லியேம்மா!" என்றார் பெரியவர், பாயசத்தைக் கீழே வைக்காமல்.

"அதான்பா எனக்கு பயமா இருக்குது. சர்க்கரை உன் கால மரத்துப்போக வெச்சுடுச்சு. தெனமும் அடிப்பாதத்த கண்ணாடியில பாரு."

அந்தப் பந்தியில் அப்புறம் யாரும் இரண்டாவது ஜாங்கிரி கேட்கவில்லை.

இத்தனையும் கண்டக்டர் சாமிக்கு முன்னால் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்வார். ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி போட்ட பிறகு கேஸ் தீர்ந்து போக, டிபன் தாமதமானது. வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கண் நிலைகுத்தியது. எதிர்வீட்டில் ஏணி மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, கேட்டறியாத ஒரு குரலில், "எறங்கு! எறங்கு!" என்றார். அந்த ஆள் பயந்துபோய் இறங்கினார். இறங்கிய மறுநிமிஷம் சன்ஷேடு பெயர்ந்து ஏணி மேல் விழுந்தது.

இது போதாதா? அவர் மனைவி சரோஜாக்கா பதற்றத்தில் சர்க்கரை போட்டுக் கொடுத்த காபியைக் குடித்ததும் கண்டக்டர் தெளிந்துவிட்டார். என்ன பேசினோம் என்றே அவருக்கு நினைவில்லை. ஆனால் தெரு முடிவு செய்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் வாசலில் கும்பல். சாமி வருகிற நாளில் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொல்ல, அவர் டாக்டர் சொன்ன ஊசியையும் விடவில்லை, சாமிக்கான பட்டினியையும் விடவில்லை. சாமி தவறாமல் வந்தது. சொன்ன வாக்கு எப்போதும் ஒன்றுதான்: "எறங்கு." மாடி போர்ஷன்காரர் கீழ் போர்ஷனுக்கு மாறினார். புது மாப்பிள்ளை ஒருவர் ஒரு வாரம் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் எலுமிச்சம்பழத்தோடு கும்பலில் இருந்தேன். மறைப்பானேன்? கண்டக்டரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. சூடம் எரிந்தது. அப்போது அவர் மெல்ல விரலை நீட்டினார். எங்களைத் தாண்டி, பின்னால்.

திரும்பினோம். முழுங்கு சிஸ்டர் நின்றிருந்தார்.

"எறங்கு," என்றது அந்தக் குரல். "நீ எறங்கு."

என் பக்கத்தில் நின்றவள் வீறிட்டாள். சிஸ்டரின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். விறுவிறுவென்று வந்து, நீட்டிய அதே விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்.

"சர்க்கரை நாப்பத்தொண்ணுக்கு எறங்கிடுச்சு! எச்சில முழுங்குபா. என்ன பாரு, முழுங்கு!"

கண்டக்டரின் தொண்டை ஏறி இறங்கியது.

"முழுங்குறாரு. ஓடுமா, சர்க்கரை கரைச்சு எடுத்துக்கினு வா!"

ஓடினேன். முழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்பதை அவர் எனக்குப் பிற்பாடுதான் சொன்னார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரோஜா, டிபன் ஆச்சா? யாரு இவங்கல்லாம்?"

"சாமிய மலையேத்திட்டியேம்மா!" என்று ஒரு அம்மாள் சிஸ்டரிடம் சண்டைக்கு வந்தார்.

"சாமி மலையேறலன்னா உங்க கண்டக்டர் ஏறியிருப்பாரு," என்றார் சிஸ்டர். பிறகு சரோஜாக்கா பக்கம் திரும்பினார். "ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பாடு உள்ள போவணும். பட்டினின்னா ஆஸ்பத்திரியில கேக்காம ஊசி போடாதீங்க. இனிமே சாமி வந்தா மொதல்ல சர்க்கரை, அப்பறம் சூடம்."

அடுத்த செவ்வாய் கும்பலுக்கு முன்னால் கண்டக்டர் நாலு இட்லி சாப்பிட்டார். சாமி வரவில்லை. ஐந்தாவது இட்லி வந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, கும்பல் கலைந்த பிறகு, சிஸ்டர் என் வீட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான் கொடுத்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"சாப்ட்டீங்களா சிஸ்டர்?"

"காலையிலேருந்து இல்லமா."

சோறும் கீரைக் கூட்டும் போட்டேன். நாலு வாய் சாப்பிட்டார்.

"உங்கள பாத்து சொன்னாரே, அதுல பயந்துட்டீங்களா?"

"அதுக்கு இல்லமா." சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். "எங்கப்பாவும் ஊசி போட்டுக்கினு இருந்தவருதான். கடைசியா இப்பிடிதான் வேற குரல்ல பேசினாரு. ஐயம்பேட்டையில எங்க வீட்டு வாசல்லயும் இதே மாதிரி கும்பலு. அப்போ எனக்கு பதினாலு வயசு. சூடம் காட்டிக்கினு நின்னவளே நான்தாம்மா."

அவர் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. என்னைவிட எவ்வளவோ சின்னப் பெண்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ கண்ணு," என்றேன்.

தட்டை நீட்டினாள்.