செல்வரட்ணத்தின் சீனி வருத்தம்

பிளோறன்ஸ் மூன்றாவது கேக் துண்டையும் தட்டில் வைத்தபோது செல்வரட்ணத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்தால் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் நம்மவர்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். யாராவது ஒருவர் வீட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து எல்லாருமாகக் கிளம்பி இன்னொருவர் வீட்டுக்கு. ஏறி இறங்கும் வீடெல்லாம் பால் தேத்தண்ணி, பலகாரம். வேண்டாமென்றால் மனஸ்தாபம் வரும். ஒரு வாய் வைத்தால் அடுத்த துண்டு வரும்.

பிளோறன்ஸ் தங்கமான மனுசி. அவள் சுடுகிற கேக்தான் தங்கம் மாதிரி, கடித்தால் பல் போகும். அதை அவளிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை, ஏனென்றால் அவள் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ்தான் கோயில் சபைத் தலைவர்.

"என்ன அண்ணை, தொடாமல் வைச்சிருக்கிறியள்? என்ர கேக் பிடிக்கேல்லையோ?"

அவள் முகம் சுருங்கத் தொடங்கியது. மனுசனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"பிடிக்காமல் என்ன, பிளோறன்ஸ். எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் இனிப்பைத் தொடவே வேண்டாமெண்டிட்டார்."

பச்சைப் பொய். செல்வரட்ணத்துக்குத் தடிமன் காய்ச்சல் வருவதே அபூர்வம். ஆனால் பொய் நன்றாக வேலை செய்தது. பிளோறன்ஸ் வெடுக்கென்று தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். செல்வரட்ணம் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். அதே குசினிக்குள் மற்றப் பெண்களோடு தன் மனைவி பேர்பெச்சுவாவும் நிற்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

பேர்பெச்சுவாவைத் தெரிந்தவர்களுக்கு அவர் ஏன் நடுங்கினார் என்று சொல்லத் தேவையில்லை. யாராவது பிறஷர் என்றோ வயிற்றெரிவு என்றோ வாயைத் திறந்தால் போதும். "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்துவாள். மன்னாரில் சொல்லத் தொடங்கியது, ஜெர்மனிக்கு அகதியாக வந்தும் விடவில்லை. அப்படிப்பட்டவளின் புருஷன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு தனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லியிருக்கிறார்.

குசினி வாசலில் அவள் வந்து நின்றாள். விழப்போகிறது பேச்சு என்று செல்வரட்ணம் குனிந்துகொண்டார். ஒன்றும் விழவில்லை. அவரையே பார்த்தபடி நின்றவளின் கண் கலங்கியிருந்தது.

"வாங்கோ, வீட்ட போவம்" என்றாள்.

காரில் போகும்போது கியரில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள். கலியாணம் கட்டின புதிதில்கூட அவள் இப்படிச் செய்ததில்லை.

"எப்பயிருந்து உங்களுக்குத் தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உமக்குக் கவலையா இருக்குமெண்டுதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். 'அது பொய்யப்பா, அந்தக் கேக்குக்குப் பயந்து சொன்னது' என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. அழுதுகொண்டிருக்கிற மனுசிக்கு அதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டுமே. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

விடிந்தால் மேசையில் கறுத்த குரக்கன்மாப் புட்டு. தேத்தண்ணி வெறுந்தேத்தண்ணி, பக்கத்தில் சீனிப் போத்தலைக் காணோம். மத்தியானம் ஒரு பிடி சிவப்பரிசிச் சோறும் ஒரு மலை கீரையும். உருளைக்கிழங்கு வீட்டை விட்டே போய்விட்டது. அதைவிடக் கொடுமை, பேர்பெச்சுவாவும் அதையே சாப்பிட்டாள்.

"நீர் ஏன் இதைத் தின்னுறீர்? உமக்கென்ன வருத்தமே? நீர் வடிவாச் சாப்பிடும்."

"நீங்கள் இதைச் சாப்பிட, என்ர தொண்டைக்குள்ள வேற சாப்பாடு இறங்குமோ?"

இதைக் கேட்டபின் எந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்ல நா எழும்? செல்வரட்ணம் வேறு வழி பார்த்தார்.

"இஞ்சரப்பா, எனக்கு இப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது போல."

"குறையுதோ? அப்ப இந்தச் சாப்பாடு வேலை செய்யுது. விடக்கூடாது" என்றவள், அன்றிரவே புட்டையும் பாதியாக்கினாள்.

சரி, வீட்டோடு போயிற்றா என்றால், இல்லை. நம்மவர்களிடம் சந்தோஷச் செய்தி சொன்னால் வாழ்த்தோடு விட்டுவிடுவார்கள். வருத்தம் என்று சொன்னால் மருந்தோடு வருவார்கள். செல்வரட்ணத்தோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற உருத்திரமூர்த்தி தமிழ்க் கடையில் இருந்த பாவற்காய் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணை, பச்சையா இடிச்சுச் சாறு எடுத்து வெறுவயித்தில குடியுங்கோ. என்ர மாமா ஒராள் இதாலதான் தப்பினவர்."

அடுத்த நாள் காலை பேர்பெச்சுவா பச்சைச் சாறு நிறைந்த கிளாசோடு வந்து நின்றாள். செல்வரட்ணத்தின் முகம் கோணியதைக் கண்டு, "கசப்பெண்டு பயப்பிடாதேங்கோ, நான் குடிச்சுக் காட்டுறன், பாருங்கோ" என்று முக்கால் கிளாசைத் தானே குடித்துவிட்டு மிச்சத்தை நீட்டினாள். எப்பேர்ப்பட்ட பெண்சாதி! இவளைப் போய் ஏமாற்றுகிறேனே என்ற வெட்கத்தில் அவரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

பிளோறன்ஸ் சும்மா இருப்பாளா? அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரம் சுவாமியார் நிமிர்ந்து பார்த்து, "நீரிழிவால் துன்புறும் எங்கள் சகோதரர் செல்வரட்ணம் சுகமடைய வேண்டுமென்று மன்றாடுவோம்" என்றார். கோயிலே திரும்பி அவரைப் பார்த்தது. தனக்கு இல்லாத வருத்தத்தைத் தீர்த்துவைக்கும்படி செல்வரட்ணமும் எல்லாரோடும் சேர்ந்து ஆண்டவரைக் கேட்டார். பக்கத்தில் பேர்பெச்சுவா தேம்பித் தேம்பி அழுதாள்.

இப்போது பொய் பீடம் வரைக்கும் ஏறிவிட்டது. வெளியே தெரிந்தால் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அது போகட்டும். கோயிலில் எல்லாருக்கும் முன்னால் அழுத பேர்பெச்சுவாவைப் பார்த்தும் சிரிப்பார்களே. அதற்குப் பிறகு அவள் தன் முகத்தில் விழிப்பாளா என்று நினைக்கவே அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. பிசைய அங்கே குரக்கனைத் தவிர ஒன்றும் இல்லை.

பசி பொல்லாதது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஸ்டேஷன் பேக்கரிக் கண்ணாடிக்குள் பேர்லினர் பணியாரங்கள், உள்ளே ஜாம், மேலே மாச்சீனி, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை வாங்கித் தூணுக்குப் பின்னால் போய் நின்று ஒரு கடி கடித்தார். அந்தச் சுகத்தில் கண்ணை மூடித் திறந்தால் எதிரே உருத்திரமூர்த்தி.

"ஐயோ அண்ணை, என்ன வேலை பாக்கிறியள்?"

"சீனி இறங்கிட்டுது, மூர்த்தி" என்றார் வாய் நிறைய ஜாமோடு. "தலை சுத்துது. உடன இனிப்புச் சாப்பிடாட்டி விழுந்திடுவன்."

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். உருத்திரமூர்த்தி பதறிப்போய் அவரை அங்கிருந்த மர வாங்கில் இருத்தினார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், அந்தப் பேர்லினர் முழுவதும் முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். எல்லாம் நல்லதுதான். ஆனால் அதோடு நில்லாமல் தெருமுனைப் போன் கூண்டுக்கும் போய்விட்டார். செல்வரட்ணம் வீட்டுக்கு வரமுன் செய்தி வந்துவிட்டது.

பேர்பெச்சுவா வாசலிலேயே நின்றாள். அவர் மீசையில் ஒட்டியிருந்த மாச்சீனியைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

"ஏன் இப்பிடி உங்களைப் போட்டு வருத்துறியள்?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நாளைக்கு டொக்டர் வரச்சொல்லி டெர்மின் குடுத்திருக்கிறார். நீங்களும் வாங்கோ. எல்லாத்தையும் அங்க கதைப்பம்."

செல்வரட்ணத்துக்கு டொக்டரின் ஊசிதான் ஞாபகம் வந்தது. டொக்டர் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் முடிந்தது கதை.

மறுநாள் ட்ராமில் சொல்லிவிட நினைத்தார்.

"இஞ்சரப்பா, உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. எனக்கு விளங்கும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை விடவில்லை.

டொக்டரின் இடத்தில் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, "நான் முதல்ல உள்ள போட்டு வாறன்" என்று பேர்பெச்சுவா எழுந்து போனாள். பேர்லினர் கதையைச் சொல்லத்தான் போகிறாள் என்று செல்வரட்ணத்துக்குப் பட்டது. கதவு சாத்தியதும் பாய்ந்து முன்மேசைக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட, வயதான உதவியாளர் ஃபிறாவ் கெஸ்லர் இருந்தார். தனக்குத் தெரிந்த டொச் பாஷை முழுவதையும் திரட்டிக்கொண்டு செல்வரட்ணம் கெஞ்சினார்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பொய் சொன்னேன். ஒரு கேக்குக்காக. தயவுசெய்து டொக்டரிடம் சொல்லுங்கள், எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது மாறிவிட்டது என்று மனைவியிடம் சொல்லட்டும். அவள் பாவம். என்னால் அவளும் அந்தப் புட்டைத் தின்கிறாள்."

ஃபிறாவ் கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவருடைய கையை மெதுவாகத் தட்டினார்.

"கேக், கீக் என்று என்னிடமும் நடிக்கவேண்டாம், ஹெர் செல்வரட்ணம்; சீனி வருத்தம் உங்கள் மனைவிக்குத்தான், தனக்கு வந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டவருக்காக நீங்கள் அதை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு கூடவே பத்தியம் இருக்கிறீர்கள் என்று அவர் எங்களிடம் அழுதழுது சொல்லிவிட்டார், அவருக்குச் சீனியும் நன்றாக இறங்கிவிட்டது, அதனால் ஆயுள் முழுக்க இந்தப் பத்தியத்தை நிறுத்திவிடாதீர்கள்."