நகலை மட்டும் சரிபார்த்தவன்

தப்பு என்று ஒன்று நடந்தால் அது நகலில்தான் நடக்கும் என்பது அலுவலக நம்பிக்கை. அசலை யாரும் சரிபார்ப்பதில்லை. 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன் நான்.

ஓய்வுக்குப் பின் ஜாவாஸ்கிரிப்ட் கற்றேன். (மற்றவர்கள் கடற்கரையில் நடக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி.) அந்த மிதப்பில், மகள் மெர்சியின் கல்யாண அழைப்பை இணையப் பக்கமாக நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு ஒன்று, நாசரேத்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று.

விவரங்களை ஓர் ஆப்ஜெக்டில் (பெயர் ஒட்டிய அறைகள் உள்ள பெட்டி என்று வையுங்கள்) வைத்தேன்: நாள், ஆலயம், 'எங்கள் மகள் மெர்சி'. அதற்குள் இன்னொரு சின்ன ஆப்ஜெக்டாகப் பெற்றோர் பெயர்கள். ஜாவாஸ்கிரிப்டில் நகலெடுக்க மூன்று புள்ளி வைத்தால் போதும்; அப்படியே மொத்தத்தையும் நகலெடுத்தேன். நகலில் மகளை எடுத்துவிட்டு, 'எங்கள் மகன் சாம்' என்று மாப்பிள்ளையைப் போட்டேன். பெற்றோர் இடத்தில் சம்பந்திகள் பெயரை எழுதினேன். நகலை மூன்று முறை வாசித்தேன். அப்பழுக்கில்லை. இரண்டையும் வாட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பினேன்.

முதல் போன் வேம்பாரிலிருந்து, சித்தி மகன்.

"என்னண்ணே, அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் முடிக்கீங்க?"

திறந்து பார்த்தேன். எங்கள் அழைப்பிலும் மெர்சியின் பெற்றோர் சம்பந்திகளே! மூன்று புள்ளி மேல் அடுக்கை மட்டும்தான் நகலெடுக்குமாம். உள்ளே இருந்த பெற்றோர், இரண்டு அழைப்புக்கும் பொதுச் சொத்து. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும்.

என் மனைவி கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்தவ நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவ இன்னும் வாசல் தாண்டல, அதுக்குள்ள அம்மாவ மாத்திட்டீகளே!"

அந்த நேரம் பார்த்துக் கிரேஸுக்குச் சம்பந்தியம்மாவின் போன். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

"மதினி, மெர்சி பேருக்குக் கீழ எங்க பேரப் பாத்துட்டு இவுக அழுதுட்டாக. எங்களுக்குப் பொம்பளப் பிள்ள இல்லலா..."

கிரேஸ், "அண்ணன அழ வேண்டாம்னு சொல்லுங்க மதினி. உங்க பேரு அப்படியே இருக்கட்டும். கூட எம் பேரையும் போடச் சொல்லுதேன்" என்றாள்.

இரு வீட்டுப் பெற்றோரையும் ஒன்றாகச் சேர்த்தேன். (இரண்டிலும் 'அம்மா' என்றே பெயரிட்டுச் சேர்த்தால், பின்னால் வருபவர்தான் மிஞ்சுவார். இம்முறை தனித்தனிப் பெயர் கொடுத்தேன். உயிர் மேல் ஆசை இருக்கிறதே.)

இன்றும் மெர்சி போனில், "அம்மா சொன்னாங்கப்பா" என்று ஆரம்பித்தால் நான் கேட்பேன்: "அசலா, நகலா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்பா. நீங்கதான அப்படி எழுதுனீங்க."