ஒரு சைஸ் தடியான கம்பி

உலகத்தில் எதையுமே முழுசாகச் செய்யாமல் நிம்மதியாக வாழ்ந்த ஒரே மனிதர், டில்லி கிட்வாய் நகரில் எங்கள் கீழ் வீட்டில் இருந்தார். நிஜப் பெயர் வாசல் பலகையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. காலனிக்கு அவர் 'நாலு பங்கு'. எனக்கு மட்டும் அண்ணாச்சி. அவர் கோயமுத்தூர்க்காரர், அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். நான் திருநெல்வேலிக்காரி. எனக்கு வேறு மரியாதை தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி டில்லிக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். கொஞ்சத்தை டபராவில் ஊற்றித் தள்ளி வைத்துவிட்டு மீதியைக் குடித்தார்.

"என்ன அண்ணாச்சி, காப்பி நல்லால்லையா?"

"காப்பி ஜோருங்க அம்மிணி. அஞ்சுல நாலு பங்குதானுங்க நம்ம கணக்கு."

அவர் ஏதோ ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் மின்சாரப் பிரிவில் இருந்தார். அங்கே ஒரு விதி. கொஞ்ச நேரம் ஓடுகிற சாமானுக்கு, லைன் தாங்குகிற பாரத்தை முழுசாக ஏற்றலாம். மணிக்கணக்காக ஓடுகிறது என்றால் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது, சூடாகிவிடும். நல்ல விதிதான். அதை அவர் வயரோடு நிறுத்தியிருக்கலாம்.

"காப்பி என்ன மணிக்கணக்காவா ஓடுது?"

"வவுறு ஓடுதுல்லைங்க?"

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் படம் போட்டால், மூன்று மணி நேரச் சமாச்சாரம் என்று கிளைமாக்ஸுக்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவார். ஒரு தடவை மர்மப் படம். எங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் பால்கனியில் நின்று, "கொலை பண்ணுனது டாக்டர்தான் சார்!" என்று கத்தினார். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் மனைவி சரசக்காவோடு சண்டை வந்தாலும் அப்படித்தான், முக்கால்வாசி தாண்டியதும் வாயை மூடிக்கொள்வார். "கல்யாணங்கறது ராப்பகலா ஓடுற லோடுங்க" என்பார். கடைசி வார்த்தை எப்போதும் சரசக்காவுக்குத்தான்.

பஸ்ஸிலும் இதே கதை. ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கூட்டம் இருந்தால் ஏறமாட்டார். டில்லியில் அப்படி ஒரு பஸ் அன்றைக்கும் கிடையாது, என்றைக்கும் கிடையாது. ஆபீசுக்கு நடந்தே போனார்.

சரசக்காவால்தான் நடக்க முடியவில்லை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் தைப்பூசத்தன்று ஆர்.கே.புரம் குன்றில் இருக்கிற மலை மந்திர் முருகனுக்குப் பால் கொண்டு வருகிறேன் என்று வேண்டியிருந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் டாக்சி பிடித்துப் போயிருக்கலாம். ஆசையில், 'சொந்த வண்டியில வர்றேன்' என்றும் சேர்த்து வேண்டிவிட்டாள். பேத்தி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகவும் ஆரம்பித்துவிட்டாள். பால்தான் இன்னும் ஆர்.கே.புரம் போய்ச் சேரவில்லை.

"சாமிக்குக் கடன் வெச்சுட்டுச் சாவப் போறேன்" என்று ஒரு நாள் அழுதாள். "ஊருக்கெல்லாங் கணக்குச் சொல்றீங்களே, எனக்கு ஒரு வண்டிக்குக் கணக்குப் போட முடியலீங்களா?"

அண்ணாச்சி பேப்பரும் பேனாவும் எடுத்தார். அடுத்த மாதம் மாயாபுரி பழைய சாமான் கடையிலிருந்து எஞ்சின் இல்லாத கார் ஒன்று எங்கள் வாசலுக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கியது.

"பெட்ரோலெல்லாம் நமக்கு ஆவாதுங்க அம்மிணி. தெரிஞ்சது கரண்ட்டு" என்றார். ரயில் பிளாட்பாரத்தில் பார்சல் இழுக்கிற வண்டியின் பழைய மோட்டாரைப் பிடித்து உள்ளே வைத்தார். பின் சீட்டுக்கு அடியில் லாரி பேட்டரிகளை வரிசையாக அடுக்கினார். ஒரு நாள் அது நகர்ந்தது. சத்தமே இல்லை, வேகமும் இல்லை. காய்கறி வண்டிக்காரன் அதை முந்திப் போனான். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "பெஹன்ஜி, யே காடி சல்தீ ஹை யா சோச்தீ ஹை?" என்று என்னைக் கேட்டாள். ஓடுகிறதா, யோசிக்கிறதா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வண்டியைச் செய்ததைவிட அதற்குச் சார்ஜ் ஏற்ற அவர் லைன் இழுத்ததுதான் பெரிய கூத்து. குவார்ட்டர்ஸ் வயரிங் வெந்நீர் பாய்லர் போட்டாலே மினுக் மினுக்கென்று அழும். அதை நம்பாமல் மீட்டரிலிருந்து வாசல் வரைக்கும் தனி லைன் போட்டார். என்னையும் எங்கள் வீட்டுக்காரரையும் நிற்க வைத்து வகுப்பு வேறு எடுத்தார்.

"சார்ஜர் இழுக்கறது பன்னெண்டு ஆம்பியர். மணிக்கணக்கா இழுக்கும். அதனால பியூஸ் பதினஞ்சு. பன்னெண்டு, பதினஞ்சுல நாலு பங்கு, சரிங்களா? கம்பி அந்தப் பியூஸுக்கும் மேல தாங்கோணும். ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பிக்கு முன்னாடி பியூஸ் சாவோணும். அதுக்குத்தான் அதை அங்க வெக்கறது."

எங்கள் வீட்டுக்காரர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "சார், பதினஞ்சுக்கு இவ்வளவு தடியா? யானையையா கட்டப் போறீங்க?"

அண்ணாச்சி பாதிச் சிரிப்பாகச் சிரித்தார்.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டில்லிக் குளிரில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் எரியும், வீட்டுக்கு வீடு பியூஸ் போகும். போனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பழைய வயரை உரித்துச் செம்புக் கம்பியை எடுத்து, நாலாக முறுக்கிப் பியூஸ் கட்டையில் மாட்டிவிட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் போகாது" என்பார். அவருக்கு அது பெருமை. பிளாக் முழுக்க அவர் புகழ்தான் எரிந்துகொண்டிருந்தது.

தைப்பூசத்துக்கு முதல் நாள். காலையில் சார்ஜரைப் போட்டுவிட்டு அண்ணாச்சி ஆபீஸ் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஜலதோஷம் என்று லீவு போட்டு, குரங்குக் குல்லாயோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கீழே சரசக்கா அலறினாள்.

"ஐயோ, பீஸ் போயிருச்சுங்க! வண்டி சார்ஜ் ஆவுலீங்க! நாளைக்குப் போன மாதிரிதான்!"

இவர் படி இறங்கிய வேகத்தில் ஜலதோஷம் மாடியிலேயே தங்கிவிட்டது. பியூஸ் கட்டையை உருவினார், செம்பை நாலாக முறுக்கினார், மாட்டினார். சார்ஜர் உறுமியது. "போதுமா அக்கா? இனி ஜென்மத்துக்கும் போகாது."

அது ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. விஷயம் இதுதான். தலைக்குக் குளிக்க வேண்டுமென்று அக்கா அதே லைனில் பக்கத்துப் பிளக்கில் வெந்நீர் போடுகிற ராடையும் சொருகியிருந்தாள், இரண்டும் சேர்ந்து பதினைந்தைத் தாண்டிவிட்டது. தண்ணீர் காய்ந்ததும் இன்னொரு வாளி, அதன் பிறகு துணி ஊற வைக்க ஒரு வாளி. சாக வேண்டிய பியூஸுக்கு எங்கள் வீட்டுக்காரர் சாகாவரம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தபோது வாசலில் கருகல் வாடை. ஓடிப் போய் மெயினை அணைத்தார். பீங்கான் கட்டை கறுத்துப்போயிருந்தது. கையால் கம்பியை நெடுகத் தடவிக்கொண்டே போனார். எங்கள் வீட்டுக்காரர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கம்பி வெதுவெதுன்னுதான் இருக்குதுங்க" என்றார் அண்ணாச்சி. "ஒண்ணும் ஆவுலீங்க."

"சார், நான் வேணும்னு பண்ணலை..."

"தெரியுமுங்க. கம்பி எடுக்கறப்ப மூணு கணக்குப் போட்டேனுங்க. சார்ஜர் எவ்வளவு இழுக்கும், பியூஸ் எவ்வளவு விடும், அப்புறம் மேல் வீட்டுல நீங்க இருக்கீங்க. அதனாலதானுங்க ஒரு சைஸ் தடியாப் போட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரசக்கா சிரிக்கவில்லை. கறுத்த கட்டைக்கு மாற்று இல்லை, கடையும் பூட்டியாகிவிட்டது. ராத்திரியும் ஏறினால்தான் பேட்டரி நிரம்பும், இதுவரை ஏறினது அவ்வளவுதான்.

மறுநாள் புறப்பட்டோம். முன் சீட்டில் அக்கா, மடியில் பால் சொம்பு. பின்னால் நானும் இவரும். தப்புச் செய்தவர் கூட வந்தே தீருவேன் என்று ஏறிக்கொண்டார். அவர் எடையைக் கணக்கில் சேர்க்க அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. ரிங் ரோடில் சைக்கிள்காரர்கள் எல்லோரும் எங்களைக் குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கோயில் குன்று ஏறுகிற முனையில் வண்டி நின்றது. நிறுத்தினவர் அண்ணாச்சி.

"நாலு பங்கு முடிஞ்சுதுங்க. கடைசிப் பங்கை உறிஞ்சுனா பேட்டரி செத்துப்போயிரும். திருப்பி உசுரு வராது." பேட்டரி மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் தன் கணக்கை எதற்காகவும் வளைத்து நான் பார்த்ததில்லை. அக்காவுக்கும் அது தெரியும். கதவைத் திறந்து, சொம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். ஊன்றின மாத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேலே இன்னும் ஏற்றம் பாக்கி.

"காலை உள்ள வையி சரசு" என்றார் அண்ணாச்சி.

"பேட்டரி...?"

"வையிங்கறேன்."

மிதித்தார். வண்டி முனகிக்கொண்டே ஏறியது. கோயில் வாசலில் போய் நின்றபோது முள் தரையோடு படுத்திருந்தது. "அஞ்சும் போச்சுங்க" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருடைய முழுச் சிரிப்பை நான் பார்த்தேன். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தாங்க, அக்கா சொம்போடு உள்ளே போனாள். வெளியே வந்து ஒரே அழுகை.

திரும்பும்போது எங்கள் வீட்டுக்காரர் தள்ளினார். நியாயம்தானே? அந்தப் பேட்டரிகள் அண்ணாச்சி சொன்னபடியே செத்துப்போயின. கார் வேப்பமரத்தடியில் நின்று காலனிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடானது. அண்ணாச்சி ரிட்டயராகிக் கோயமுத்தூர் போனார். அக்கா போய்ச் சேர்ந்தாள். போன வருஷம் அவரும் போய்விட்டதாகச் சேதி வந்தது.

எங்கள் மகன் இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். நேற்று அதற்கு லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் வந்தார். எவ்வளவு இழுக்கும், எந்த பிரேக்கர், எந்தக் கம்பி என்று விவரமாகச் சொன்னார். எல்லாம் அண்ணாச்சி கணக்குத்தான்.

"சரி தம்பி. கம்பி மட்டும் ஒரு சைஸ் தடியாப் போட்டிரு" என்றேன்.

"தேவையே இல்லம்மா, இதுவே தாராளம்."

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏட்டி, எனக்காகவா?"

"பின்னே? உங்களுக்காகத்தான்" என்றேன். இன்னும் சொல்ல இருந்தது. அந்த ஒரு பங்கைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, காப்பி போட எழுந்து போனேன்.