வெள்ளம் இல்லாத கம்பெனி

மரம் வளர்த்த கம்பெனிகள் உலகில் ஏராளம். மனிதரையே மரமாக வளர்த்த பெருமை, அருமனைப் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் கையுறைக் கம்பெனிக்கு மட்டுமே உரியது. 2012-ல் விடிந்து பார்த்தால் எங்கள் ஆளெடுப்புப் பிரிவு 'பசுமை மனிதவள மேலாண்மைப் பிரிவு' ஆகியிருந்தது. மொத்தச் செலவு அரை லிட்டர் பச்சைப் பெயிண்ட். குமாஸ்தாவான நான் 'பசுமை ஒருங்கிணைப்பாளர்' ஆனேன். சம்பளம் மட்டும் நிறம் மாறவில்லை.

ஊழியர்களின் 'சுற்றுச்சூழல் திறனை' அளக்கச் சென்னையிலிருந்து ஆலோசகர் சிவபிரசாத் வந்தார். ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு, பூமி சூடாவதைப் பற்றி உருகினார். குளிரில் எங்கள் கைகள் தாமாகவே தட்டின. பிறகு, சூழலுக்கு வரும் ஆபத்தைச் சொல்லும் திறன் யாருக்கு உண்டு என்று கேட்டார். பேக்கிங் பிரிவு லிஜி எழுந்தாள். அவள் வீடு கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம்.

"கம்பெனி வெள்ளம் எனக்க கெணத்துல எறங்குது சாரே. பிள்ளைக்கு மேலெல்லாம் சொறி. ஒண்ணு பாருங்க."

எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம். சென்னைக்காரருக்கோ வெள்ளம் என்றால் பிரளயம். அவர் பதறிப்போய் மேனேஜர் நாராயணபெருமாளைப் பார்த்தார். மேனேஜர் அருமனையிலேயே பிறந்து, வெள்ளம் குடித்து வளர்ந்தவர். "ஆமா, இங்க மழை கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒரே போடாகப் போட்டார். நிர்வாகத் திறன் என்றால் அதுவல்லவா திறன்!

அடுத்த வாரமே வெள்ள மீட்புப் பயிற்சி. கம்பெனி இருப்பது குன்றின்மேல் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. வெள்ளத்துக்காக இனயம் கடற்கரையிலிருந்து லாரியில் ஒரு வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, ஏறி வந்தது. வாட்ச்மேன் ஜான்ரோஸ் சிமெண்டுத் தரையில் மூழ்கினார். மூச்சைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் போட்டோம். ஆபத்தை முதலில் சொன்ன லிஜிக்குப் 'பசுமைத் தாரகை' விருதும் ஒரு லைஃப் ஜாக்கெட்டும் அறிவித்தார்கள்.

மேடையேறிய லிஜி ஜாக்கெட்டைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். உள்ளே இருந்தது மோர் நிறம், அமோனியா நாற்றம்.

"நான் சொன்ன வெள்ளம் இதுதான் சாரே. எனக்க பிள்ளை குடிக்கியது. ஒரு வாய் குடியுங்க."

ஆலோசகர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வெள்ளம்னா தண்ணியா?" என்று மேனேஜரைக் கேட்டார். எனக்கே இப்போதுதான் தெரியும் என்று நாராயணபெருமாள் சத்தியம் செய்தார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே அவசரக் கூட்டம். கழிவுநீர்க் குழாயை மாற்றினால் செலவு என்பதால், சொல்லை மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பணியிடத்தில் இனி நல்ல தமிழ்தான் பேச வேண்டும், 'வெள்ளம்' என்று உச்சரிப்போருக்குச் சுற்றுச்சூழல் திறனில் மதிப்பெண் குறையும் என்ற உத்தரவில் மேனேஜர் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

அந்த ஆண்டறிக்கையில் பெருமையோடு அறிவித்தோம்: 'எங்கள் கம்பெனியில் வெள்ளம் இல்லை.' சத்தியமான வார்த்தை. லிஜியின் கிணற்றிலும் இப்போது வெள்ளம் இல்லை, கம்பெனிதான் இருக்கிறது.