ராகுகாலமும் என் இன்சுலின் ஊசியும்

அடுத்தவர் கையில் இருந்த தின்பண்டத்தைப் பிடுங்கித் தின்றவள் நான். குழந்தைப் பருவத்தில் என்றால் மன்னித்துவிடலாம். இருபது வயதில், பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கையிலிருந்தே பிடுங்கினேன்.

பழனியில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் பத்தொன்பது வயதில் சர்க்கரை வியாதி வந்தது (முருகனுக்கும் குறும்பு உண்டு). ஓயாத தாகம்; உடம்பு குச்சியாக இளைத்துவிட்டது. கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, தினமும் காலையில் இன்சுலின் ஊசியை நானே தொடையில் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள்.

"ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டிரணும்மா. லேட் ஆச்சுன்னா டேஞ்சர். வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண்டபடி பேச வரும். உடனே ஸ்வீட் ஏதாச்சும் வாயில போட்டுக்க" என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார். நான் அவருடைய கைக்கடிகாரத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்து இரண்டு சம்பந்தங்கள் கைவிட்டுப் போயின. மூன்றாவதாக வந்தது, கொடைக்கானல் மலைமேல் போளூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை தண்டபாணியின் போட்டோ என் தலையணை உறைக்குள் இருந்தது. மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

"இந்தத் தடவ ஊசி கீசின்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தொன்னையில் பஞ்சாமிர்தம் கொடுப்பது வழக்கம். பெண்ணும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டாவிட்டால் சந்தேகம் வரும். ஆகவே என் மூளை வேலை செய்தது. காலை எட்டு மணிக்குப் போடவேண்டிய ஊசியை ஒன்பதே முக்காலுக்குப் போடுவது, பஞ்சாமிர்தத்துக்காக மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுவது, இட்லியைத் தொடாமல் இருப்பது. அவர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கணக்கு சரிதானே? (தயவுசெய்து யாரும் இப்படிச் செய்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்ன அளவுதான் அளவு.)

பஸ் தாமதம். பத்தே முக்காலுக்குத்தான் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். எதிரே இருந்த காப்பிக் கடைப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணி இட்லித் தட்டோடு வந்தார். "வள்ளி, ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட கெடக்காதே. வெரசா ரெண்டு தின்னு."

"கணக்கு கெட்டுரும் அண்ணி" என்று அனுப்பிவிட்டேன்.

பதினொன்றரைக்கு வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. கை நடுங்கியது. ஜன்னல் வழியே காப்பிக் கடையைப் பார்த்தேன்; தண்டபாணி அங்கே காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆகா, காதல் என்பது இதுதான் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். தொடர்கதைகளில் வரும் கதாநாயகிகளுக்கும் இப்படித்தானே ஆகும்? பவுடர் கரைந்து கழுத்தில் இறங்குகிற அளவுக்கு எனக்குக் காதல் வந்துவிட்டது.

பன்னிரண்டு அடித்ததும் உள்ளே வந்தார்கள். நான் ஏந்திப்போன தட்டில் பஞ்சாமிர்தத் தொன்னைகள் ஆடிக்கொண்டே போயின. "புள்ளைக்கு ரொம்பக் கூச்சம்" என்று யாரோ சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா அன்பாகத்தான் கேட்டார். "வீட்டு வேலையெல்லாம் செய்வியா தாயி?"

"ஏன், உங்க வீட்டுல ஒருத்தருக்கும் கை இல்லையா?" என்றேன்.

அப்பா இருமினார். நான் நிறுத்தவில்லை. "ராகுகாலம் பாத்து ஒக்காந்திருந்தீங்களே, பசின்னு ஒண்ணு இருக்கறது தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே, தண்டபாணி வாய்க்குக் கொண்டுபோன தொன்னையைப் பிடுங்கித் தின்றேன். அது தீர்ந்ததும் அவர் அம்மாவுடையதை எடுத்தேன். மூன்றாவது யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. மடியில் மூன்று காலித் தொன்னைகள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

"வெரதம் இருந்தா... அதான்" என்றார் அப்பா.

"வெரதமா இது? காத்துக் கருப்பு அடிச்ச மாதிரில்ல இருக்கு" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

பேய் பிடித்தவள் என்ற பெயரோடு அந்தப் போட்டோவை இழக்க எனக்கு மனம் வரவில்லை. "பேய் இல்லீங்க. எனக்குச் சர்க்கரை வியாதி. தெனமும் ஊசி போட்டுக்கறேன். போட்டுட்டுச் சாப்பிடாம இருந்துட்டேன்" என்றேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

தண்டபாணி முதல் முறையாக வாய் திறந்தார். "நேரத்துக்குச் சாப்பிட்டா இப்படி ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க."

அவர் தன் அம்மாவிடம் திரும்பினார். "அப்ப நம்ம மேலயும் தப்பு இருக்குல்ல ஆத்தா. எதுத்தாப்புல ஒக்காந்து ரெண்டு தடவ காப்பி குடிச்சோம். அது பட்டினியா நின்னுருக்கு."

அவர் அம்மா மறுபடியும் உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும் நெசத்தச் சொல்லு தாயி. என்னய எதுத்துப் பேசுனியே, அது நோயா, கொணமா?"

"நோய்தாங்க" என்றேன்.

அன்று அந்த வீட்டில் சொல்லப்பட்ட பொய்களில் பெரியது அதுதான். ஆனால் கல்யாணம் நடந்தது. போளூரில் நான் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் மாமியார், "ஏலே தண்டபாணி, இவளுக்குச் சீனி குடுறா" என்று குரல் கொடுப்பார். மாமியார் காலமான பிறகு என் வீட்டுக்காரர் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கும், குரலை உயர்த்தி நான் முக்கியமான இடத்துக்கு வருவேன். சரியாக அப்போது ஒரு கரண்டிச் சீனியோடு எதிரே வந்து நிற்பார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு சண்டையைக்கூட நான் முழுசாகப் போட்டு முடித்ததில்லை.