கவியரசன் துரோகியைக் கண்டுபிடித்தது

வலை பின்னும் கூடத்தில் பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்த கவியரசன், இனிமேல் சோறு தண்ணி தொடுவதில்லை என்று மனைவியிடம் அறிவித்தான். அறிவித்த கையோடு சட்டியில் என்ன குழம்பு என்றும் கேட்டான். மடவைக் குழம்பு என்றாள் ஹேமாவதி. மடவை மீனுக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் உட்கார்ந்து சாப்பிட்டான்.

கோட்டைக்குப்பத்துக்கு அடுத்த குப்பம் அவர்களுடையது. அங்கே ஏரிக்கரையில் அரசாங்கம் ஒரு வலை பின்னும் கூடம் கட்டிக் கொடுத்திருந்தது. பெரிய பெரிய ஜன்னல், வழவழப்பான தரை, எந்நேரமும் காற்று. கட்டிய நாளிலிருந்து அதில் யாரும் வலை பின்னி ஊரார் பார்த்ததில்லை. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார்தான் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாத நாளில் ஓர் ஆண்பிள்ளை எங்கே போவான்? கூடத்துக்குப் போவான். ரம்மி ஆடுவான். வடக்கு ஜன்னலோரம் கவியரசனின் இடம். அவன் வராவிட்டாலும் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் நெத்திலிக் கருவாட்டுக் கூடை உட்கார்ந்திருந்தது. வாசலில் ‘மகளிர் குழு கருவாட்டுக் கூடம்’ என்று புதுப் பலகை. பூட்டின் சாவி மகளிர் குழுவிடம். ஹேமாவதி அந்தக் குழுவின் செயலாளர்.

“நம்மூர்லேர்ந்தே எவனோ மனு போட்டுகிறான் ஹேமா. மீன்வளத் துறை ஆபீசர் சொல்லிட்டாரு. கூடத்துல வலை பின்றதில்ல, சீட்டுதான் ஆடறாங்கோ, பொம்பளைங்களுக்குக் குடுங்கன்னு எழுதிகிறான்.”

“அப்டியா?”

“இன்னா அப்டியா? ஒருவேள உங்க குழுதானோன்னு கேட்டேன். இல்லியாம். படகு வெச்சிக்கிற ஆம்பள ஒருத்தன் போட்டதாம். பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஊருக்குள்ளயே ஒரு துரோகி கீறான் ஹேமா!”

“முள்ளு கீது, பாத்துச் சாப்புடு. போனா போவுதுன்னு வுடுய்யா.”

கவியரசன் போனால் போகிறது என்று விடுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டத்தைக் கூட்ட வைத்தான். அம்மன் கோயில் வாசலில்தான் கூட்டம். பாடு வரிசைக்குச் சீட்டு குலுக்குவதும் அங்கேதான். அங்கே கற்பூரம் ஏற்றிச் சொன்ன சொல்லை யாரும் திரும்ப வாங்கக் கூடாது. மீறுகிறவன் பெயர் அடுத்த குலுக்கலில் இருக்காது. பெயர் இல்லையென்றால் ஏரியில் அவன் கால் நனைக்கலாம், வலை நனைக்க முடியாது.

அந்தக் கற்பூரத்தின் முன்னால் நின்று கவியரசன் முழங்கினான்.

“மனு போட்டவன நான் கண்டுபுடிக்கிறேன். கண்டுபுடிச்சா, அந்தக் கூடத்த அவன் ஒரு வருஷம் கூட்டணும்! செதிள், தல, வாலு, அத்தினியும் அவன் கையால வாரணும்!”

“எவனா இருந்தாலுமா?” என்றான் மாரி. அவன் கவியரசனின் படகுக் கூட்டாளி, சீட்டுக் கூட்டாளியும்கூட.

“எவனா இருந்தாலும்! என் கூடப் பொறந்தவனா இருந்தாலும்!”

கவியரசனுடன் பிறந்தது மூன்று அக்காக்கள். இருந்தாலும் கூட்டம் கைதட்டியது. ஊர்த் தலைவர் பச்சைமுத்து, “ஊர் ஏத்துக்கிச்சு” என்றார். கற்பூரம் அணைந்தது.

வீட்டில் ஹேமாவதி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கூடம் கைக்கு வந்த நாளிலிருந்து மகளிர் குழுவில் ஒரே ஒரு சண்டைதான். கருவாடு காய வைக்க, கட்ட, விற்க எல்லாரும் தயார். யார் கூட்டுவது என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் இடுப்பு வலி.

“ஒரு வருஷமா?” என்றாள்.

“ஒரு வருஷம்.”

“தெனமுமா?”

“தெனமும். வெள்ளிக்கெழமன்னா கழுவியும் வுடணும்.”

“கழுவியுமா!” கரண்டி நின்றது. ஹேமாவதி அடுப்பைத் தணித்தாள். பிறகு அவன் தட்டில் நடுத்துண்டாக ஒன்றை எடுத்து வைத்தாள். “அப்ப அவன வுடக் கூடாதுய்யா. கண்டுபுடிச்சே ஆவணும்.”

கட்டிய பெண்டாட்டியே தன் கட்சிக்கு வந்ததில் கவியரசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வழியும் அவளே சொன்னாள். “தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு கீது. வெள்ளக் காகிதத்துல எழுதி, பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர்னு மேல்விலாசம் போட்டு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பு. முப்பது நாளைக்குள்ள பதில் சொல்லணும். உனக்கெதுக்குய்யா இதுன்னு அவங்க கேக்கவே கூடாது.”

“கேக்கக் கூடாதா?”

“கூடாது.”

“நீகூடக் கேக்கற. கவர்மெண்டு கேக்கக் கூடாதா!” கவியரசனுக்குச் சட்டத்தின் மேல் மரியாதை பிறந்துவிட்டது. “இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?”

“குழுவுல க்ளாஸ் எடுத்தாங்க.”

முதல் மனுவை அவனே எழுதினான். அவன் நைனா மேடைப் பேச்சுக் கேட்பதற்காகவே பொன்னேரிவரை நடந்து போன மனிதர். மகனுக்குக் கவியரசன் என்று பெயர் வைத்தவர். அந்தப் பெயருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று மகன் மூன்று பக்கம் எழுதினான். ஏரித்தாயில் ஆரம்பித்து, உப்புக்காற்றைத் தொட்டு, கடைசியில் மூன்று கேள்விகளில் கரை சேர்ந்தான். துரோகி யார்? அவனுக்கு மனசாட்சி உண்டா? அவன் விளங்குவானா?

பதில் ஒழுங்காக வந்தது. முதல் கேள்விக்கு: துரோகி என்ற தலைப்பில் இவ்வலுவலகத்தில் பதிவேடு எதுவும் பராமரிக்கப்படவில்லை. இரண்டாவதற்கு: கோரப்பட்ட பொருள் இவ்வலுவலகத்தின் வசம் இல்லை. மூன்றாவதற்கு: இது எதிர்காலம் பற்றிய வினா என்பதால் சட்டப்படி தகவல் ஆகாது.

“கேள்வி கேட்டா இப்டித்தான் எழுதுவாங்க” என்றாள் ஹேமாவதி. “ஆபீசுல கீற காகிதத்தக் கேக்கணும். கூடத்தப் பத்தி வந்த மனுவோட நகல் குடு, அதுமேல நீங்க எழுதன குறிப்போட நகல் குடு, சீல் போட்டுக் குடு. அவ்ளோதான்.”

இரண்டாவது மனுவை அவளே எழுதினாள். ஏரித்தாய் இல்லை, மனசாட்சி இல்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எழுதி அவனிடம் நீட்டினாள்.

“எங்க போடணும்?” என்றான் கவியரசன், பேனாவைத் திறந்தபடி.

“படிச்சிட்டுப் போடுய்யா.”

“நீ எழுதனதப் போயி நான் இன்னாத்துக்குப் படிக்கணும்? இத்தினி வருஷத்துல என்னிக்காவது படிச்சிகிறனா?”

அது உண்மை. நிவாரணம், காப்பீடு, சங்கம், நல வாரியம் என்று வீட்டுக்கு வருகிற காகிதம் எல்லாம் ஹேமாவதியின் இலாகா. விடியற்காலையில் படகைத் தள்ளும்போது அவள் கொண்டு வந்து நீட்டுவாள். காற்று திரும்பிவிடுமே என்ற அவசரத்தில் அவன் படகின் மேலேயே வைத்துப் போட்டுக் கொடுப்பான். ஆனால் போடுவதை நன்றாகப் போடுவான். முழுப் பெயர், கீழே ஒரு நீள இழுப்பு, இழுப்புக்கு அடியில் இரண்டு புள்ளி. தன் கையெழுத்தை இந்த ஜில்லாவில் ஒருவனும் கள்ளத்தனமாகப் போட முடியாது என்பது அவன் பெருமை. இழுத்தான். புள்ளி வைத்தான். தபால் போயிற்று.

பதில் வரும்வரை கவியரசன் சும்மா இருக்கவில்லை. முதலில் மாரியைச் சந்தேகித்தான். கடைசி ஆட்டத்தில் தோற்றவன் அவன்தான். ஒரு வாரம் இருவரும் ஒரே படகில் பேசாமல் போய் வந்தார்கள். வலையை இழு என்பதைக்கூடக் கவியரசன் ஏரியைப் பார்த்துத்தான் சொன்னான்.

அடுத்து கூடத்துக்குப் போய் ஜன்னல் வழியாக மகளிர் குழுவுக்கு உத்தரவு போட்டான். “யாரும் கூட்டாதீங்க! துரோகி வந்து கூட்டட்டும்!” பெண்கள் உடனே கீழ்ப்படிந்தார்கள். அவன் சொல்லுக்கு அந்த ஊரில் அப்படி ஒரு மதிப்பு அதற்கு முன் கிடைத்ததே இல்லை. தரையில் செதிள் சேர்ந்தது. இறால் தோல் சேர்ந்தது. மூலையில் நண்டு ஓடு மேடு கட்டியது. போகிறபோதெல்லாம் எட்டிப் பார்த்து, “இன்னும் சேரட்டும்” என்று திருப்திப்பட்டுக்கொண்டான்.

அதோடும் விடவில்லை. ஆரம்பாக்கம் சந்தைக்கு பஸ் ஏறிப் போய்த் துடைப்பம் வாங்கி வந்தான். கடைக்காரர் நீளமான கைப்பிடி போட்டதைக் காட்டினார். கவியரசன் இருப்பதிலேயே குட்டையானதைப் பொறுக்கி எடுத்தான்.

“இத்த வெச்சிக் கூட்டுனா இடுப்பு போயிடுமேய்யா” என்றாள் ஹேமாவதி.

“போவட்டும். அப்பதான் புத்தி வரும்.”

“நீ சொன்னா சரிதான்” என்று அவள் அதைக் கூடத்தில் கொண்டு போய் வைத்தாள்.

ஒரு நாள் தபால்காரர் தடிமனான உறையைக் கொண்டு வந்தார். கவியரசன் பிரிக்கப் போனான்.

“இங்க பிரிக்காதய்யா. நீயே எதையோ மாத்தி வெச்சிட்டன்னு நாளைக்கு மாரி சொல்லுவான். கோயில் வாசல்ல, தலைவர் கையால பிரிக்கட்டும்.”

எவ்வளவு நேர்மையான யோசனை! மறுபடியும் கூட்டம், மறுபடியும் கற்பூரம். இந்த முறை மகளிர் குழுவும் மொத்தமாக வந்து ஓரமாக உட்கார்ந்தது. பச்சைமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்து நிதானமாகப் படித்தார்.

“மனுதாரரின் பெயர், முகவரி ஆகியவை மூன்றாம் நபர் விவரங்கள் என்பதால் அவற்றைப் பிறருக்கு வழங்க இயலாது…”

“ஐயோ!” என்றான் கவியரசன்.

“இரு, இன்னும் கீது. எனினும், கூடம் தொடர்பான மேற்படி மனுவை அளித்த மனுதாரர் தாங்களே என்பதால், தங்கள் மனுவின் நகல் தங்களுக்கே இத்துடன் அனுப்பப்படுகிறது.”

தலைவர் நகலைத் தூக்கிக் காட்டினார். எழுத்து ஹேமாவதியுடையது. அடியில் முழுப் பெயர், நீள இழுப்பு, இரண்டு புள்ளி.

“கவி, இது உன் கையெழுத்து இல்லன்னா சொல்லிடுப்பா” என்றார் தலைவர். “இல்ல, பொஞ்சாதி நீட்டுன எடத்துல படிக்காமப் போட்டுட்டேன்னா அதையும் சொல்லு. ஊரு மன்னிச்சி வுட்டுடும்.”

மாரி முதல் தடவையாகச் சிரித்தான்.

கவியரசன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் துரோகி. இன்னொரு பக்கம், பெண்டாட்டி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன். இரண்டில் ஒன்றாக இந்த ஊரில் மீதிக் காலம் வாழ வேண்டும். தொண்டையைச் செருமினான்.

“நான்தான் போட்டேன்” என்றான். “படிச்சிப் பாத்துதான் போட்டேன். நம்மூட்டுப் பொம்பளைங்க வெய்யில்ல காயறாங்களேன்னு மனசு கேக்கல. வெளிய சொல்லிக்க வேணாம்னு இருந்தேன்.”

மகளிர் குழு எழுந்து நின்று கைதட்டியது. “ஊர் ஏத்துக்கிச்சு” என்றார் பச்சைமுத்து.

வீட்டு வாசல்படியில் நின்று அவன் ஹேமாவதியைக் கேட்டான். குரலில் நிஜமாகவே வலி இருந்தது.

“ஊருல இத்தினி ஆம்பள கீறான். ஏன் ஹேமா என் பேர்ல போட்ட?”

“வேற எவன் பேர்ல போட்டிருந்தாலும் நீ சண்டைக்குப் போயிருப்பய்யா” என்றாள் ஹேமாவதி பரிவாக. அவனுக்குத் தட்டு வைத்து, மடவையில் நடுத்துண்டைப் போட்டாள். “சாப்ட்டு சீக்கிரம் கெளம்பு. நாளைக்கு வெள்ளிக்கெழம, கழுவற நாளு. இன்னிக்கே வாரி வெச்சாத்தான் முடியும். நீ வாங்கியாந்த தொடப்பம் கதவுக்குப் பின்னால கீது.”