சமையலறைச் சுவரும் பதினெட்டு அடி ஒயரும்

கோபாலபுரம்,
14-8-1998

சிரஞ்சீவி ஜவஹருக்கு,

அண்ணா சந்திரமௌலி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மூட்டுவலி நீங்கலாக இங்கே நாங்கள் இருவரும் க்ஷேமம். நாக்பூரில் உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். விஷயம் என்னவென்றால், குடித்தனக்காரர் வலியுல்லாவைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு நம் இருவர் பேரிலும் இருப்பதால் நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

மனுஷர் தங்கமானவர், அதை நான் மறுக்கவில்லை. முன்கட்டில் எட்டு கம்ப்யூட்டர் வைத்து, சீமைப் புத்தகக் கம்பெனிக்குப் பக்கம் பக்கமாக அச்சுக்கோத்துக் கொடுக்கிறார். போன மாதம் பின்கட்டு அறையையும் கேட்டார், கொடுத்தேன். அதில் சர்வர் என்று ஒரு பெரிய பெட்டியை ஏ.சி. போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்த்தி வைத்தார். எட்டுக்கும் அதுதான் தலைமையாம். ஆனால் இரண்டு கட்டுக்கும் நடுவில் நம் சமையலறை. "சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டா பதினெட்டு அடில முடிஞ்சிடும் சார். காப்பர் ஒயர் இல்லியா, கிட்டக்க இருந்தா பறக்கும். தூரம் போகப் போக சேதி தேஞ்சிடும்" என்றார். அப்பா கூடவே நின்று கட்டிய சுவர். காலண்டர் மாட்டக்கூட நான் ஆணி அடித்ததில்லை. முடியாது என்றுவிட்டேன்.

அவரும் பாவம், மறுபேச்சு இல்லாமல் ஒயரை மொட்டைமாடிக்கு ஏற்றி, மாமரத்தைச் சுற்றி, கிணற்றடியில் இறக்கி, முந்நூற்றைம்பது அடி இழுத்தார். அத்தனை தூரத்துக்கு ஒயர் கம்பெனிக்காரனே கைவிரிக்கிறானாம். முன்கட்டில் அனுப்பியது பின்கட்டுக்குத் தேர் மாதிரி ஆடி அசைந்து வந்தது. இது போதாதென்று உன் மன்னி சுப்புலக்ஷ்மி, யாரோ புதுக் கொடி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, தன் ஒன்பது கஜத்தைச் சொட்டச் சொட்ட அதன்மேல் போட்டுவிட்டாள். ஒயர் மடிந்து உள்ளே முறிந்து, எட்டும் ஊமையாகிவிட்டன. அவ்வளவு நீள ஒயர் உடனே கிடைக்கவுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நானூறு பக்கம் போகாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும், பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று வலியுல்லா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "சமையலறை வழியா நடந்து போறதுல ஆட்சேபணை இல்லே" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று பிடித்தது சனி. ஒயரில் போக வேண்டியதெல்லாம் ஃப்ளாப்பி என்கிற உள்ளங்கையகலத் தகட்டில் ஏறி, அங்கே வேலை செய்யும் பெண்கள் கையில், நம் அடுப்பைத் தாண்டிப் போகிறது. ஒரு நாளைக்கு அறுபது தடவை! சுப்புலக்ஷ்மி ஒருத்தியையும் வெறும் வாயோடு விடுவதில்லை. மஹ்விஷ் என்று ஒரு பெண், ரசத்துக்கு உப்புப் பார்க்கும் அவசரத்தில் ஃப்ளாப்பியை மோர்ச் சட்டியில் போட்டுவிட்டாள்.

"ஐயோ மாமி, ஏழாம் அத்தியாயம்!"

"அழாதேடி, மோர்தானே. சாம்பார்ல விழலியே" என்று இவள் கரண்டியால் துழாவி எடுத்து, தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

நானூறு பக்கமும் வெள்ளியன்று போய்ச் சேர்ந்தது வாஸ்தவம். ஆனால் என் பன்னிரண்டு மணிச் சாப்பாடு இரண்டரைக்கு வருகிறது. இனித் தாங்காது. கையெழுத்துப் போடு.

கபாலீஸ்வரர் கிருபையால் உங்கள் வீட்டில் சகல மங்களமும் தங்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணா சந்திரமௌலி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் சமையலறையில் டர்ர்ரென்று சத்தம். ஓடினால், எலக்ட்ரீஷியன் மண்ணாங்கட்டி ஸ்டூல்மேல் நின்று சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். "அம்மாதான் சார் போடச் சொல்ச்சு. இன்னா ஸ்ட்ராங்கா கீது சுவரு!" என்றான். "அந்தப் பொண்ணுகளுக்குக் கால் வலிக்கறதுன்னா" என்றாள் உன் மன்னி. பதினெட்டு அடி ஒயர், எட்டும் பறந்தன.

அது நடந்து மூன்று நாளாகிறது. சமையலறைப் பக்கம் ஒருத்தரும் வருவதில்லை. பன்னிரண்டு மணிக்கு டாண் என்று சாப்பாடு. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பேச ஒன்றுமில்லை. இன்று பத்துப் பேருக்கு ரசம் வைத்துவிட்டு, "ஏன்னா, அந்த ஒயரை எலி கடிச்சா என்ன ஆகும்?" என்றாள்.

நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். நீ மின்சார இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவன். எலி கடித்த மாதிரியே தெரியும்படி ஒயரை நறுக்குவது எப்படி என்று திரும்பும் தபாலில் எழுது.